ஒரே பகலில் 1,898 மீட்டர்! – இலங்கையின் மேடும் பள்ளமும்

கொழும்பு கோட்டை ரயில் நிலையம். காலை நேரத்தில் பதுளை ரயிலுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில், முதல்முறை மலையேறுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பவர் புதியவர். அதே வியர்வையோடு, கையில் ஒரு ஸ்வெட்டரையும் மடித்து வைத்திருப்பவர் மலைநாட்டுக்காரர். அல்லது, ஏற்கெனவே ஒருமுறை போய் நடுங்கித் திரும்பியவர்.

கோட்டை நிலையம் இருப்பது ஏறக்குறைய கடல்மட்டத்தில். அங்கிருந்து கிளம்பும் ரயில், மாலைக்குள் 1,898 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, மலையின் மறுபக்கம் இறங்கியும் விடும்.

இலங்கை சின்ன நாடு. பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறிய இடத்துக்குள் 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையும் இருக்கிறது, ஒரு குன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடும் இருக்கிறது. கொழும்புக் கடற்கரைக்கும் பீதுருதாலகாலவுக்கும் நேர்கோட்டில் இடைவெளி சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 100 கிலோமீட்டருக்குள் மழை மாறுகிறது, பயிர் மாறுகிறது, வீட்டின் கூரை மாறுகிறது. எந்த மாதத்தில் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது.

மூன்று படிக்கட்டு

வரைபடத்தில் பார்த்தால் இலங்கையின் மலைநாடு தீவின் தெற்கு நடுப்பகுதியில், ஒரு நங்கூரத்தைப் படுக்கவைத்த மாதிரி கிடக்கிறது. அதைச் சுற்றி நாலாபுறமும் சமவெளி. சமவெளியைச் சுற்றிக் கடல்.

கடலிலிருந்து மலைக்கு நிலம் ஒரே சரிவாக ஏறுவதில்லை, படிபடியாக ஏறுகிறது. கடலோரச் சமவெளி முதல் படி. கண்டியைச் சுற்றியுள்ள இடைநிலம் இரண்டாவது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி எல்லாம் மூன்றாவது. கனடா நாட்டுப் புவியியலாளர் எஃப். டி. ஆடம்ஸ் 1929-இல் இந்த மூன்று படிகளைப் பற்றி எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, இலங்கை அரசுப் பணியில் இருந்த இந்தியப் புவியியல் அறிஞர் டி. என். வாடியா, நிலம் பாளம் பாளமாக மேலே தூக்கப்பட்டதால்தான் இந்தப் படிகள் உண்டாயின என்று விளக்கம் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை முழுதாக ஏற்கவில்லை. விவாதம் அறிஞர்களோடு இருக்கட்டும், படிகள் இருப்பதென்னவோ நிஜம். ரயிலில் போகிறவருக்கு அது உடம்பிலேயே தெரியும்.

றம்புக்கணை நிலையம் வரை ரயில் தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிறது. அங்கிருந்து எஞ்சினின் சத்தம் மாறும். கடுகண்ணாவ வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும். சரிவு 45-க்கு 1. அதாவது 45 அடி முன்னால் போனால் ஒரு அடி மேலே. சாலையில் இது பெரிய விஷயமே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஏறும்போது மிகப் பெரிய விஷயம். நம் ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல பல்சக்கரம் இதற்குக் கிடையாது. சென்னை – மதுரை பாதையின் அதே அகலத்தில் தண்டவாளம் போட்டு, வளைத்து வளைத்தே மேலே கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தப் பாதை 1867-இல் கண்டியை எட்டியது. நானுஓயாவுக்கு 1885-இல் வந்தது. கடைசி நிலையமான பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. மேலே தோட்டங்களில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை இது. முதலில் இறங்கியது காபி. 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து காபித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதற்குள், கண்டிக்கு அருகில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிறகு ரயிலில் இறங்கியதெல்லாம் தேயிலைப் பெட்டிகள்.

மழை எந்தப் பக்கம்?

நாவலப்பிட்டி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சை கூடிக்கொண்டே போகும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து தூக்கி வரும் ஈரத்தையெல்லாம் முதலில் முட்டி இறக்கிவைக்கும் சுவர் இந்த மேற்குச் சரிவுதான். இதே தீவின் வடமேற்கில் மன்னார்ப் பக்கமும், தென்கிழக்கில் அம்பாந்தோட்டைப் பக்கமும் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரைத் தொடுவதே சிரமம்.

ஹட்டனைத் தாண்டி, சுமார் 560 மீட்டர் நீளமுள்ள சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டுக்குள் புகுந்து வெளிவந்தால் கொட்டகலை, தலவாக்கலை. தேயிலை மேல் தேயிலையாக அடுக்கிய மலைகள். இங்கே உயரத்துக்கு நேரடியாகவே விலை உண்டு. 1,200 மீட்டருக்கு மேல் விளைவது மலைநாட்டுத் தேயிலை. 600 முதல் 1,200 வரை நடுத்தரம். அதற்குக் கீழே தாழ்நிலத் தேயிலை. ‘அப்படியானால் மேலே விளைவதுதான் அதிகம்’ என்று நினைத்தால் தப்பு. நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில், பெரும்பாலும் சிறு விவசாயிகளின் காணிகளில் விளைகிறது. படத்தில் அழகாகத் தெரிவது மேலே, மூட்டை நிறைவது கீழே.

ஹட்டன் பக்கம் வந்தவர்கள் மேகம் விலகினால் ஒரு கூம்பு மலையைத் தேடுவார்கள். சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர். உயரத்தில் இலங்கையின் முதல் மலை இதுவல்ல. ஆனால் தனித்து நிற்பதால், கடலில் வந்த பழைய மாலுமிகளின் கண்ணில் இதுதான் பட்டது. தீவிலேயே உயர்ந்த மலை இதுவே என்று நெடுங்காலம் நம்பினார்கள். உச்சியில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆதாமுடையது. டிசம்பர் முதல் மே வரையான காலத்தில், நள்ளிரவில் படியேறத் தொடங்கி விடியலுக்கு உச்சியை அடைகிறார்கள். சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே பனிமூட்டத்தின் மேல் கச்சிதமான முக்கோணமாக விழும். அடிவாரத்து ஊரின் பெயர் நல்லதண்ணி. தமிழில் இதைவிட நேராக ஓர் ஊருக்குப் பெயர் வைக்க முடியாது.

நானுஓயாவில் பாதிப் பெட்டி காலியாகும். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி எட்டு கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். 1,868 மீட்டர் உயரத்து ஊர். கேரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. ஆண்டு சராசரி வெப்பம் சுமார் 16 டிகிரி. ஜனவரி, பிப்ரவரியில் சில விடியல்களில் புல் மேல் உறைபனி படியும். ஊரின் தலைக்கு மேல் பீதுருதாலகால. தொட்டபெட்டாவைவிட 113 மீட்டர் குட்டை. உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரும் இருப்பதால், நாட்டின் மிக உயரமான மலையில் நினைத்தபோது ஏறிவிட முடியாது.

ரயிலுக்கு உச்சி, பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் வருகிறது. 1,898 மீட்டர். அகலப் பாதை ரயில் ஓடும் இடங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. அதற்கடுத்து ஒரு சுரங்கம். இந்தச் சுரங்கத்தைப் பற்றி வண்டியில் வடை விற்கிறவர்கூடச் சொல்வார்: “இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்.” எல்லா நாளும் இப்படி நடக்காது என்றாலும், கட்டுக்கதை அல்ல. சுரங்கத்தின் ஒருபுறம் மத்திய மாகாணம், மறுபுறம் ஊவா. மே முதல் செப்டம்பர் வரை மேற்கே மழை கொட்டும்போது, ஈரத்தை இழந்த காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட்டில் அந்த வறட்டுக் காற்று பட்டு ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ். அப்போது மணம் ஏறுவது மேற்கே, திம்புள்ளைப் பக்கத் தோட்டங்களில். ஒரு மலைக்கு இரண்டு முகம், இரண்டு பருவம்.

அதே காற்று இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புக்கு வரும்போது அனலாகிவிடுகிறது. அங்கே அதற்குப் பெயர் கச்சான். இலங்கைத் தமிழில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கச்சான் வீசும் மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து கச்சான் கொறிப்பது மட்டக்களப்பில் நடக்கக்கூடியதே.

தண்ணீரோடு இறங்கினால்…

பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கினால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம். 2,100 மீட்டருக்கு மேலே ஒரு சமவெளி! 1988 முதல் தேசியப் பூங்கா. குட்டையாக, முறுக்கி வளர்ந்த மரங்கள். மேயும் கடமான்கள். நீலகிரியின் சோலைக்காடும் புல்வெளியும் பார்த்தவருக்கு எங்கோ பார்த்த இடம் போலவே இருக்கும். நீலகிரியில் பூக்கும் சிவப்பு ரோடோடெண்ட்ரானின் நெருங்கிய உறவு இங்கேயும் பூக்கிறது.

சமவெளியின் தெற்கு விளிம்பில் நிலம் திடீரென முடிந்துபோகிறது. ‘உலக முடிவு’ என்று பெயர் வைத்த இடம். சுமார் 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால் கீழிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அத்தனை தூரம் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் ஹோர்ட்டன் சமவெளியின் உண்மையான மதிப்பு அந்தப் பள்ளத்தில் இல்லை, காலடியில் சொதசொதக்கும் ஈரத்தில் இருக்கிறது. மகாவலி, களனி, வளவை என்று மூன்று பெரிய ஆறுகளுக்கு இங்கே தலைநீர் கசிகிறது. களனி மேற்கே கொழும்புக்குப் போகிறது. வளவை தெற்கே இறங்குகிறது. மகாவலி 335 கிலோமீட்டர் சுற்றி, கிழக்கே திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. வழியில் அதை மறித்து நிற்கும் விக்டோரியா அணையின் உயரம் 122 மீட்டர். மலையிலிருந்து தண்ணீர் விழும் அந்த உயரம்தான் வீடுகளில் மின்விளக்காக எரிகிறது.

மைலுக்கு ஆறு அங்குலம்

மலையை விட்டு வடக்கே இறங்கினால் கதையே வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு வறண்ட சமவெளி. அனுராதபுரம், பொலன்னறுவை, வன்னி எல்லாம் இதில்தான். நடுநடுவே சிகிரியா போலத் தனிப்பாறைகள் முளைத்து நிற்கும். சிகிரியா சுற்றுச் சமவெளிக்கு மேல் சுமார் 180 மீட்டர். ரிட்டிகல மலை 766 மீட்டர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது உடைந்து விழுந்த துண்டு இது என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

இந்தச் சமவெளியில் மழை ஆண்டில் சில மாதங்களே. மலை இல்லாததால் வரும் மேகத்தை நிறுத்த ஆளில்லை. ஆகவே வந்த தண்ணீரை நிறுத்திவைத்தார்கள். ஆயிரக்கணக்கான குளங்கள். ஒன்று நிறைந்து வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி தொடர் தொடராக வெட்டியவை. தமிழ்நாட்டின் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்ற அரசன் கலா வாவியைக் கட்டி, அதிலிருந்து அனுராதபுரம் வரை 87 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினான். ஜய கங்கை என்று பெயர். அதன் முதல் 17 மைல் தூரத்துக்குச் சரிவு எவ்வளவு தெரியுமா? மைலுக்கு ஆறு அங்குலம். ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் ஒரு சாண் உயரம்கூட இறங்குவதில்லை! கண்ணால் பார்த்தால் தரை தட்டையாகத்தான் தெரியும். தண்ணீருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

செயற்கைக்கோளோ, நிலமளக்கும் நவீனக் கருவியோ இல்லாத காலம். கொஞ்சம் கூடுதலாகச் சரித்திருந்தால் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு ஓடியிருக்கும். சரிக்காமல் விட்டிருந்தால் தேங்கி நின்றிருக்கும். றம்புக்கணையில் 45-க்கு 1 ஏறும் ரயில் பாதையைப் பார்த்து வியப்பவர்கள், பத்தாயிரத்துக்கு ஒன்று இறங்கும் இந்தக் கால்வாயையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இரண்டில் கடினமானது இதுதான்.

மலை இல்லாத கீரிமலை

இன்னும் வடக்கே போனால் குளத்துக்கும் வழியில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர்கூட உயரமில்லாதது. அண்ணாந்து பார்க்க இருப்பவை பனைகளும் கோயில் கோபுரங்களும். கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. மலையைத் தேடிப் போகிறவர் கண்டது கடலோரக் கேணி ஒன்றுதான். சில அடி தள்ளி உப்புக்கடல், கேணிக்குள் நல்ல தண்ணீர்.

மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர, யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை. பெய்த மழை நேராகக் கீழே சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. பாறையின் துளைகளில் ஏற்கெனவே கடல்நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு. அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணறு இதற்கு ஊரறிந்த சாட்சி. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

இந்த மிதவைக்கு ஒரு கணக்கு உண்டு. கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும். அதாவது, மேலே ஒரு சாண் குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 சாண் ஏறி வரும். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் கிணறு தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. மோட்டார் வந்த பிறகு வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நன்றாக விளைந்தன. கூடவே கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. மலைநாட்டில் உயரத்தை ஆயிரம் மீட்டர்களில் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வாழ்வும் தாழ்வும் சென்டிமீட்டரில்.

தாழ்ந்த நிலத்தின் இன்னொரு பயம் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. சுனாமி. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம் பல ஊர்கள் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு என்று நடுவிலிருக்கும் மணல் திட்டில் இருந்தன. ஓடி ஏற ஒரு மேடு இல்லை. தென்மேற்கே பெரலியவில் கடலோர ரயில் ஒன்று முதல் அலையில் நின்றது. ஊர் மக்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்ததிலேயே உயரமான இடம் அந்த ரயில் பெட்டிதான். அடுத்த அலை பெட்டிகளையே புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலோடு போனார்கள். இன்று கடலோர ஊர்களில் சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட பலகைகள் நிற்கின்றன. அம்பு காட்டுவது எப்போதும் உயரத்தை.

உயரத்தில் இருப்பவர்கள்

மலைநாட்டில் அம்பு எந்தப் பக்கம் காட்டும்?

மறுபடி ரயிலுக்கு வரலாம். சுரங்கத்தைத் தாண்டி, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை. இங்கே மலைமுதுகு சில இடங்களில் மிகக் குறுகலானது. ஒருபுறம் ஊவாவின் பள்ளத்தாக்கு, மறுபுறம் தெற்குச் சமவெளி. வானம் தெளிந்த நாளில் தென்கடலே தெரியும் என்பார்கள். மூன்றாம் படி முடிந்து நிலம் சடாரென இறங்கும் விளிம்பு இது. அதனால்தான் பெரிய அருவிகள் எல்லாம் இந்த ஓரத்திலேயே விழுகின்றன. பம்பரகந்த 263 மீட்டர், இலங்கையில் முதலிடம். கொஸ்லந்தைக்கு அருகில் தியலும 220 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடம்.

அதே கொஸ்லந்தையில் இருக்கிறது மீரியபெத்த. 2014 அக்டோபர் 29 காலையில், அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலிருந்த மலை சரிந்து வந்து, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளைக் குடும்பங்களோடு மூடியது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

இந்த லயங்களில் இருப்பவர்கள் யார் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காபிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்தவர்களின் வாரிசுகள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளே 200 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, மாத்தளை வழியாக மலையேறியவர்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ‘மலையகம் 200’ நினைவாக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடி நடந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து மலையடிவாரத்துக்கு, அதே வழி.

அன்று மேலே வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. நல்ல சரிவெல்லாம் தேயிலைக்கு, மிச்ச இடம் லயத்துக்கு. பல தலைமுறைகளாக அந்த மலையைக் கொத்தி, நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை. மண்சரியாத இடமாகப் பார்த்து வீடு மாற்றிக்கொள் என்று சொல்வது எளிது. மாறிப் போக முதலில் ஒரு காணி வேண்டும். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச், அதாவது முக்கால் கிரவுண்டு அளவு நிலத்தோடு தனி வீடுகள் தரும் திட்டங்கள் நடக்கின்றன. வேகம் போதவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் மேல் வந்தபோது இந்த மலைகள் மறுபடி சரிந்தன. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஊர்களும் தோட்டங்களும் மண்ணுக்குள் போயின. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. பருவமழையைவிட, இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பரைத்தான் தோட்டத்து மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். மீரியபெத்த சரிந்ததும் அந்த நாட்களில்தான்.

மலைநாட்டில் இப்போது எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டிய மூன்று எண்கள் உண்டு. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம். 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நிலச்சரிவைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. வட்டவளை போன்ற ஊர்களின் மழைக்கு 150 ஒன்றும் அதிசய எண் அல்ல.

கடைசி வளையம்

ஹப்புத்தளைக்கு அப்பால் பாதை மெல்ல இறங்குகிறது. பண்டாரவளை, எல்ல. எல்லவைத் தாண்டியதும் 1921-இல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு, இரும்பு இல்லாமல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். கைபேசியோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே பாலம் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதையடுத்து தெமோதரை. இங்கே பாதை ஒரு வட்டம் அடித்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைந்து வெளியே வருகிறது. உயரத்தைச் சட்டென இறக்க வழி தெரியாமல் பொறியாளர்கள் திணறியபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. ஆவணம் கேட்டால் யாரிடமும் இருக்காது. ஆனால் மலையகத்தில் இதை நம்பாதவரும் இருக்க மாட்டார்.

பதுளை 680 மீட்டர் உயரம். கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். பகல் முழுக்க ஏறி இறங்கிய பாதை இங்கே முடிகிறது.

போக நினைப்பவர்கள் கிளம்புமுன் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது. ரயில் இப்போது எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பது ஒன்று. மேலே நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கோட்டை நிலையத்தில் கிடைக்கும். இரண்டாவதைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.